ஸின்னுல் யஃஸ்: ஒரு சொல்லின் வரலாறும் நடுவயதின் நலமும்

மாதவிடாய் முற்றாக நின்றுவிடும் பருவத்தை அரபு மொழியில் 'ஸின்னுல் யஃஸ்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நம்பிக்கை இழந்த வயது' என்றாகும். இப்பெயரின் கசப்பை உணர்ந்த சிலர் அண்மைக் காலத்தில் இதனை 'ஸின்னுல் அமல்', அதாவது நம்பிக்கையின் வயது என்று மாற்றி வழங்குகின்றனர். பெயரை மாற்றுமுன் அது எங்கிருந்து வந்தது என்று நாம் அறிந்துகொள்வது நல்லது.

இச்சொல்லின் வேர் திருக்குர்ஆனின் 65ஆம் அத்தியாயமான அத்தலாக்கின் 4ஆம் வசனத்தில் உள்ளது. மணவிலக்குப் பெற்ற பெண்களுள் மாதவிடாயில் நம்பிக்கை அற்றுப்போனோருக்கு இத்தா மூன்று மாதங்கள் என்பது அவ்வசனம் தரும் சட்டம். அற்றுப்போவது மாதவிடாய் பற்றிய எதிர்பார்ப்பு மட்டுமே. வாழ்வின் மீதான நம்பிக்கை அன்று. காத்திருப்புக் காலத்தை எவ்வாறு கணக்கிடுவது என்ற வினாவுக்கு விடையாக வந்த சொல், பிற்காலப் பேச்சு வழக்கில் ஒரு பருவம் முழுவதன் மீதும் நிழலாகக் கவிந்துவிட்டது.

இவ்வயது எது என்பதில் ஃபிக்ஹு அறிஞர்கள் ஒத்த கருத்தினர் அல்லர். ஹனஃபி மத்ஹபில் 55 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் 62 என்பது பிரபலமானது. ஹன்பலி நூல்கள் 50 என்கின்றன. இப்னு தைமிய்யாவோ வயதெல்லை எதுவும் இல்லை என்றார். தமிழகத்தில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் அருகருகே வாழ்வதால் இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. இவை சந்திர ஆண்டுகள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 62 சந்திர ஆண்டுகள் ஏறத்தாழ 60 சூரிய ஆண்டுகளே. பெண்களின் இயல்பை விசாரித்தறிந்தே ஷாஃபிஈ அறிஞர்கள் மாதவிடாய் பற்றிய எல்லைகளை வகுத்தனர். பேணுதலுக்காக வகுத்த உச்ச எல்லையைச் சராசரி என்று கொள்ளலாகாது. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. இந்தியப் பெண்களின் சராசரி 46, 47 அளவில் உள்ளது.

மருத்துவர்களும் இதனைக் கவனித்தனர். இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' நூலில், சிலருக்கு 35 அல்லது 40 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடும் என்றும், சிலருக்கு 50 வரை நீடிக்கும் என்றும் எழுதினார். ஐரோப்பாவில் இதற்குரிய 'மெனோபாஸ்' என்ற சொல்லை கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821இல்தான் நிலைநிறுத்தினார்.

நம் வரலாற்றில் இப்பருவம் அறிவின் முடிவாக இருந்ததா? ஹதீஸ் கலை வேறு விதமாகச் சொல்கிறது. இளமையில் முதிய ஆசிரியர்களிடம் கேட்டவர் நெடுங்காலம் வாழ்ந்தால் அவருடைய ஸனது சுருங்கும். அதனால் அவரைத் தேடி மாணவர் திரள்வர். டமாஸ்கஸின் ஸைனப் பின்த் அல்கமால் (ஹி. 646–740) அத்தகையவர். பின்னாளில் மஅபர் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா, 1326இல் அவரிடம் இஜாஸா பெற்றபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. பக்தாதின் ஷுஹ்தா அல்காதிபா 90 வயதைத் தாண்டியும் போற்றப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டு இப்பருவத்தை ஹார்மோன் குறைபாட்டு நோயாகப் பார்த்தது. 1966இல் வெளியான ஓர் அமெரிக்க நூல் என்றும் மாறாத பெண்மையை வாக்களித்தது. 2002இல், 16,608 பெண்கள் பங்கேற்ற ஆய்வு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் ஆகிய அபாயங்களைக் காட்டியதால் இடையில் நிறுத்தப்பட்டது. அதன்பின் அச்சம் மிகுந்தது. மறு ஆய்வுகளோ, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்குவோருள், கடும் தொல்லை உள்ள பலருக்கு நன்மையே மிகுதி எனத் தெளிவாக்கின. மருத்துவர் ஆளுக்கேற்ப முடிவு செய்யவேண்டியது இது.

ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு தேய்கிறது; இதயநோய் வாய்ப்பு கூடுகிறது; திடீர் வெப்பமும் தூக்கமின்மையும் வாட்டுகின்றன. நாள்தோறும் நடை, தசைக்கு வேலை தரும் பயிற்சி, சுண்ணாம்புச் சத்துள்ள உணவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றின் சோதனை இன்றியமையாதவை. உடல் மறைத்து வாழும் நம் பெண்களுக்கு வைட்டமின் டி குறைவதுண்டு. அதையும் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. ஓராண்டு முழுதும் நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டால், தொழலாமா என்று ஆலிமிடம் கேட்பதோடு நம் பெண்களுட் பலர் நின்றுவிடுகின்றனர். அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். தாமதமின்றி மருத்துவரை அணுகவேண்டும். ஓயாத உதிரப்போக்குற்ற ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டார். அது மாதவிடாய் அன்று, நரம்பிலிருந்து வருவது என்று விடை பெற்றார். இயல்பையும் நோயையும் பிரித்தறியும் மரபு நம்முடையது. அம்மரபுக்கு உரியோர், வீட்டுப் பெண்களின் இத்தகைய கேள்விகளை மௌனத்தால் மூடுவது தகாது.