பக்தாதில் எண்ணப்பட்ட எழுத்துகள்

ஒரு பட்டியலில் மிகுதியாக இடம்பெறும் மதிப்பை நம் கணிதப் பாடநூல்கள் ‘முகடு’ என்கின்றன. கூட்டவோ வகுக்கவோ தேவையில்லை. எது எத்தனை முறை வந்துள்ளது என்று எண்ணினால் போதும். இதற்குரிய ஆங்கிலப் பெயரைக் கார்ல் பியர்சன் 1895இல் சூட்டினார். எனினும், அவ்வெண்ணிக்கையைக் கொண்டே மறைபொருளை வெளிக்கொணரும் முறை, அவருக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்பாஸியர் காலத்து பக்தாதில் எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

எழுதியவர், ‘அரபுகளின் மெய்யியலாளர்’ எனப் போற்றப்படும் அல்கிந்தீ. மறைக்கப்பட்ட எழுத்தை, அதாவது ‘முஅம்மா’வை, விடுவிப்பது பற்றிய அவருடைய ரிஸாலா சொல்லும் வழி எளியது. மடலின் மொழி தெரிந்தால், அதே மொழியில் போதிய நீளமுள்ள வேறொரு பனுவலை எடுத்து அதன் எழுத்துகளை எண்ண வேண்டும். மிகுதியாக வருவது முதலாவது, அதற்கடுத்தது இரண்டாவது. பின்னர் மறைமடலின் குறிகளையும் அவ்வாறே வரிசைப்படுத்தி, ஒன்றுடன் ஒன்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அவர் தாமே அரபு எழுத்துகளை எண்ணியும் காட்டினார்: அலிஃப் 600, லாம் 437. ‘அல்’ என்னும் சுட்டு அரபு உரைநடையில் எத்துணை முறை வருகிறது என்பதை அறிந்தோர்க்கு இவ்விரண்டும் முன்னிற்பது வியப்பளிக்காது.

ஆனால் மடல் சிறிதாயின்? நான்கைந்து சொற்களில் அலிஃப் முந்தி நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. அல்கிந்தீயே இதை உணர்ந்து, எவ்வெழுத்து எதனுடன் சேரும், எதனுடன் சேராது என்பதையும் துணைக்கு அழைத்தார். 13ஆம் நூற்றாண்டில் இப்னு அத்லான் ஏறத்தாழ 90 எழுத்துகளாவது வேண்டும் என வரம்பு வகுத்தார். நம் மதிப்பில், எண்ணியதைவிட எவ்வளவு எண்ணினால் போதும் என்று கேட்டதே பெரிய அடி. அல்கிந்தீயைப் புள்ளியியலின் தந்தை என்று மேடைகளில் முழங்குவோர் இக்கேள்வியைக் கண்டுகொள்வதில்லை. நிகழ்தகவுக் கோட்பாடு எதனையும் அவர் வகுக்கவில்லை. அவர் செய்ததற்கு அப்பட்டம் தேவையுமில்லை.

1412இல் அல்கல்கஷந்தீ நிறைவு செய்த கலைக்களஞ்சியம், இப்னுத் துரைஹிமின் வழியாக இம்முறையைப் பேணியது. 1967இல் மறையெழுத்தின் வரலாற்றை எழுதிய டேவிட் கான், இக்கலை அரபுகளிடையே பிறந்தது என்று கூறியதும் அதனை நம்பியே. அல்கிந்தீயின் ரிஸாலாவை அவர் கண்டதில்லை. இஸ்தான்பூலின் சுலைமானிய்யா நூலகத்தில் கிடந்த அச்சுவடியை 1987இல் திமிஷ்க் அறிஞர்கள் பதிப்பித்தபோதுதான் தொடக்கம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்றது.

இம்முறை அரபுகளிடமிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது என்று துணிய நேரடிச் சான்றில்லை. ஆயினும் 1401இல் இத்தாலியின் மாந்துவா நகரில் வரையப்பட்ட ஒரு மறைகுறிப் பட்டியலில், அடிக்கடி வரும் உயிரெழுத்துகளுக்கு மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள் தரப்பட்டுள்ளன. எண்ணுவோர் எவரேனும் இருப்பர் என்று அஞ்சியவர்தாம் அவ்வாறு செய்திருக்க முடியும்.