மண்ணா, குளிரா? நுவரெலியாவின் பூக்கிழங்குகளும் சாமுவேல் பேக்கரின் வாதமும்

இலங்கை மலையகத்தின் பூந்தோட்ட வரலாற்றைத் தொடுகிறவர் எவரும் சாமுவேல் பேக்கரைத் தாண்டிப் போக முடிவதில்லை. நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே பெயர்த்து நடலாம் என்று நம்பி 1848இல் ஆட்களையும் கால்நடைகளையும் கலப்பைகளையும் கப்பலேற்றியவர் அவர். பட்ட பாட்டையெல்லாம் ‘இலங்கையில் எட்டாண்டு அலைச்சல்கள்’ என்ற பொருள்படும் தம் நூலில் 1855இல் எழுதி வெளியிட்டார். கால்நடைகள் மடிந்ததையும் பயிர் ஏமாற்றியதையும் மறைக்காமல் சொன்ன நேர்மை அவரிடம் உண்டு. என் மறுப்பு, அந்த ஏமாற்றத்துக்கு அவர் கண்ட காரணத்தின் மீது.

நூலின் நான்காம் அத்தியாயம் மண்ணின் வறுமையோடு தொடங்குகிறது. காட்டின் செழிப்பைக் கண்டு மண்ணும் செழிப்பானது என்று நினைப்பது மயக்கம். மழை அரித்த இந்த மண்ணில் சாரமில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். சமவெளிக்காரர்களின் மிகை நம்பிக்கைக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் நட்டு வசந்தத்தில் பூப்பிக்கும் துலிப், டஃபோடில் போன்ற குமிழ்க்கிழங்குகள் மலையகத்தில் நிலைக்காமல் போனதற்கும் இதே விளக்கத்தைப் பொருத்தினால் கணக்கு தப்பும்.

துலிப் கிழங்குக்குள் அடுத்த ஆண்டின் மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். அந்த மொட்டுத் தண்டு நீண்டு வெளியே வர, கிழங்கு 12 முதல் 16 வாரங்கள் 9 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் கிடக்க வேண்டும். குளிர் போதாவிட்டால் மொட்டு இலைகளுக்கு நடுவே குட்டையாக நின்று கருகும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தும் அதன் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை. சனவரி, பெப்ரவரியில் தெளிந்த வானமுள்ள இரவுகளில் பள்ளங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதைத் தோட்டத்தில் வேலை செய்த எவரும் அறிவர். ஆனால் அந்தக் குளிர் தரையின் மேல்தோலோடு சரி, விடிந்து வெயில் ஏறினால் போய்விடும். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். வாரக்கணக்கில் 9 பாகைக்குக் கீழே இறங்க அதற்கு வழியே இல்லை. உறைபனியைக் கண்ணால் கண்டு குளிர்காலம் இருப்பதாக நம்பியவர்கள், கிழங்கு கிடக்கும் ஆழத்தில் குளிர்காலம் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மண்தான் காரணம் என்பதற்கு எதிரான சாட்சிகள் அந்த மண்ணிலேயே நிற்கின்றன. ஐரோப்பாவின் மேற்குக் கரையைச் சேர்ந்த கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடி ஹோர்ட்டன் சமவெளியில் களையாகப் பரவி, வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. நுவரெலியாவின் அடையாளமான லீக்ஸ் இன்னொரு சாட்சி. ஐரோப்பிய வகை வெங்காயம் குமிழ் பருக்க 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வெளிச்சம் வேண்டும். வட அகலாங்கு 7 பாகையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட வேறுபாடு இல்லை. லீக்ஸுக்குக் குமிழ் பருக்க வேண்டிய அவசியமே இல்லாததால் அது அங்கே வென்றது. ஒரே மண்ணில் ஒன்று தழைத்து அதன் நெருங்கிய உறவினம் தடுமாறுகிறது என்றால், கேட்க வேண்டியது வானத்தையும் நாட்காட்டியையும்.

பேக்கருக்கு ஒரு பங்கு நியாயம் உண்டு. தேயிலை மண்ணின் புளிப்பு பல குமிழ்ச்செடிகளுக்கு ஒவ்வாது. உருளைக்கிழங்கை வாட்டும் பாக்டீரியா நோய் மண் வழியாகவே பரவுகிறது. ஆனால் புளிப்பைச் சுண்ணாம்பு தீர்க்கும். இல்லாத குளிர்காலத்தை எந்த உரமும் தராது.

இனி, நிலைத்தவை எவை? டேலியா மெக்சிக்கோ மலைகளிலிருந்து வந்தது. கிளாடியோலஸ், அகபாந்தஸ், ஏரம் லில்லி ஆகியவை தென்னாப்பிரிக்கச் செடிகள். இவற்றுள் ஏரம் லில்லியிடம் சற்று நிற்க விரும்புகிறேன். நுவரெலியாப் பக்கம் ஓடைக்கரைகளிலும் சதுப்புகளிலும் யாரும் நடாமலே வெள்ளையாகப் பூத்து நிற்கும் இதன் தாய்நிலம் நன்னம்பிக்கை முனையின் நனைநிலங்கள். அங்கே மழைக்காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. நமக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களும் அவையே. உறைபனிக்குள் உறங்கி எழும் வழக்கம் இதற்கு இல்லை. ஈரம் இருந்தால் ஆண்டு முழுவதும் பசுமையாகவே நிற்கும். வசந்தத்துக்காகக் காத்திருக்கும் ஐரோப்பியக் கிழங்கு தோற்ற இடத்தில், மழைக்கு எழும் கிழங்கு குடியேறியது. சங்கப் புலவர்கள் குறிஞ்சிக்கு உரியதாக வைத்த காந்தளும் மழைக்கு எழுந்து கூதிரில் பூப்பதுதான். நம் மலைகளின் முறையே அது.

ஏரம் லில்லி வந்த வழி பற்றி ஓர் ஊகம் உண்டு. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் சரக்குக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே கொழும்புக்கு வந்தன. கோடையில் தோண்டியெடுத்த ஆங்கிலக் குமிழ்கள் வெப்பமண்டலக் கடலை மாதக்கணக்கில் கடந்து பாதி வெந்தே இறங்கியிருக்கும். கேப்டவுனில் ஏற்றிய கிழங்குக்கோ பயணம் பாதிதான். இது சூழ்நிலைச் சான்று மட்டுமே. கப்பல் சரக்குப் பட்டியல் ஒன்று எதிராகப் பேசினால் விட்டுக்கொடுக்கத் தயங்கமாட்டேன்.

காலவரையறையில் இன்னொரு சிக்கல் ஹக்கல பூங்கா. அதன் தொடக்கம் 1861 என்றும் 1884 என்றும் இரண்டு ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. முன்னது மருந்துப்பட்டை தரும் சிங்கோனா மரத்தைச் சோதிக்க நிலம் திருத்திய ஆண்டு. பின்னது அது பூங்காவாக மாறியதாகச் சொல்லப்படும் ஆண்டு. மருந்துப்பட்டை நட்ட நிலத்தைப் பூந்தோட்டத்தின் தொடக்கம் என்பதா? என் சாய்வு 1884 பக்கம். ஹட்டனுக்கு ரயில் வந்தது அதே ஆண்டில், நானுஓயாவுக்கு 1885இல். கிழங்குப் பெட்டிகள் மாட்டுவண்டியில் நாட்கணக்கில் நனையாமல் மேலேறத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆனால் 1861 முதலே அங்கே நாற்றுத் தவறணை இருந்திருக்கும் என்பதால், துரை பங்களாக்களுக்குச் சில பூஞ்செடிகள் முன்னரே போயிருக்கக் கூடும். இரண்டு ஆண்டுகளையும் வைத்துக்கொண்டே பேசுவதுதான் பாதுகாப்பு. நுவரெலியா நகரின் விக்டோரியா பூங்கா மகாராணியின் வைரவிழாவை ஒட்டிய 1897ஆம் ஆண்டுக்கு உரியது, அதில் குழப்பமில்லை.

நடும் பருவம் எப்போது இடம் மாறியது? இங்கேதான் சான்று மெலிகிறது, நானும் குரலை உயர்த்துகிறேன். இங்கிலாந்தின் வழக்கப்படி ஒக்டோபர், நவம்பரில் நட்டால் நம் ஐப்பசி அடைமழையில் கிழங்கு அழுகும். கோப்பிக் காலத்தில் அந்த மாதங்களே பழம் பறிக்கும் காலமும். கங்காணியின் கீழ் வந்த ஆட்களைப் பெரட்டுக் களத்திலிருந்து பூப்பாத்திக்கு அனுப்ப எந்தத் துரைக்கும் மனம் வந்திராது. ஏப்ரல் மாதமோ வெப்பத்துக்கு அஞ்சிக் கொழும்பு வெள்ளையர் மலையேறிய ‘சீசன்’. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் அப்போதுதான். கிளாடியோலஸ் நட்டதிலிருந்து பூக்க 70 முதல் 100 நாட்கள் ஆகும். டேலியாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஏப்ரலிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்கழிக் கடைசி, தை முற்பகுதி வருகிறது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, பின்வந்த தேயிலையிலும் கொழுந்து குறைந்து, முள்ளுக்குத்துக்கும் கவ்வாத்துக்கும் ஆள் கிடைக்கும் வேளை அது. ஆங்கிலேயரின் இலையுதிர்கால நடவைத் தைக்கு நகர்த்தியது தாவரவியலாளர் எவரின் கட்டளையும் அல்ல. மழையும் பந்தயமும் ஆள்வரத்தும் சேர்ந்து நகர்த்தின என்பேன். பங்களாப் பாத்திகளில் மம்பட்டி பிடித்த தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தை பிறந்தால் நிலம் திருத்தும் வழக்கம் ஊரிலேயே இருந்தது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த நகர்வுக்கு ஒரு விலையும் உண்டு. தையில் நட்ட கிளாடியோலஸ் முளைவிடும் வேளைதான் உறைபனியும் இறங்கும். ஆகவே பள்ளத்துப் பாத்திகளில் முளை கருக, சரிவில் உள்ளவை தப்பும். மேட்டுப்பாத்தி அழகுக்காக மட்டும் அமைக்கப்பட்டதல்ல என்று நினைக்கிறேன்.

பேக்கரின் வாதத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. குளிர்ப்பெட்டியில் 5 பாகையில் 14 வாரம் வைத்த துலிப் கிழங்கையும், வைக்காத கிழங்கையும் ஒரே பாத்தியில், ஒரே எருவில் நட வேண்டும். முதலாவது பூக்கும், இரண்டாவது இலையோடு நிற்கும் என்பது என் எதிர்பார்ப்பு. இரண்டுமே பூக்காவிட்டால் பேக்கரின் நான்காம் அத்தியாயத்தை மறுபடி திறக்க வேண்டியதுதான்.