வண்ணார்பண்ணைத் தந்தையர் முறையீடு

பள்ளியிற் கற்பிக்கப்படுவது கண்டு பெற்றோர் மனம் நொந்து முறையிடுதல் இக்காலத்துப் புதுவதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சைவர் தம் மக்கள் ஆங்கிலம் பயில விரும்பின், பெரும்பாலும் பாதிரிமார் பாடசாலையையே நாடல் வேண்டியிருந்தது. ஆங்கிலமின்றேல் உத்தியோகமில்லை, அங்கேயோ விவிலியமும் பாடம். பிள்ளையின் பிழைப்பை நோக்குவதா, குலசமயத்தை நோக்குவதா என இருதலைக்கொள்ளி எறும்பெனத் தந்தையர் தவித்தனர்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் தாமே வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கற்குத் துணைநின்றவர். ஆதலின் அப்பள்ளியின் குணமுங் குற்றமும் அவர் நேரில் அறிந்தன. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். பாதிரிமாரிடங் கண்ட வகுப்பு முறையையும் அச்சுப் புத்தகத்தையும் அவர் வெறுத்து ஒதுக்கினாரல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பின்னர், வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையில் விபூதி தரித்துச் சென்ற மாணாக்கர் விலக்கப்படவே, பெற்றோர் நாவலரிடம் முறையிட்டனர். அவர் 1872இற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நடந்தது. முறையிட வந்தோர் பலர், பொருளுதவ வந்தோர் சிலர் போலும்! 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை, பிற்பாடு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை ஏற்று நடத்தி அக்குறையைத் தீர்த்தது.

தனிப்பள்ளி காண இயலாதார் யாது செய்வர்? அவர்க்குச் சட்டமே துணை. 1870இல் இங்கிலாந்துக் கல்விச் சட்டம், பெற்றோர் வேண்டின் பிள்ளையைச் சமயபாடத்தினின்றும் நீக்கிக்கொள்ள இடந்தந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பும், அரசு ஏற்பு அல்லது உதவி பெற்ற பள்ளிகளில், காப்பாளர் இசைவின்றிச் சிறாரைச் சமயபோதனையிலேனும் வழிபாட்டிலேனும் ஈடுபடுத்தலாகாதென விதித்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராவர். வாய்விட்டுச் சொல்லுதற்கு இடம் அதுவே.

இவ்விதி நமக்கு மட்டும் உரியதன்று. இண்டூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் யாம் தமிழ் கற்பித்த நாளில், இஸ்லாமிய அன்பர் ஒருவர் வந்து, “ஐயா, காலை வணக்கத்தில் என் மகனும் தேவாரம் பாடத்தான் வேண்டுமா?” என்று பணிவாய்க் கேட்டார். மடத்திற் பயின்ற எமக்கு முதலில் மூண்டது சினமே. அன்றிரவு வண்ணார்பண்ணைத் தந்தையரை நினைந்தேம், உறக்கம் வரவில்லை. மறுநாள் அச்சிறுவனை வணக்கப் பாட்டினின்றும் விலக்கினேம். பாடப்புத்தகத்துத் தேவாரச் செய்யுளை மட்டும் இலக்கியமாக ஏனையோருடன் அவனும் கற்றான். அதற்கு அவன் தந்தையார் தடை கூறிற்றிலர். தேர்விலே அச்செய்யுளைப் பிழையற எழுதினவர் சிலருள் அவனும் ஒருவன்.