காப்பகத்தில் குடியிருப்பது யார்?

'ஆர்கைவ்' என்கிற சொல்லின் பூர்வீகத்தைத் தெரிதா 1994இல் லண்டனில் ஆற்றிய உரையொன்றில் தோண்டிக் காட்டினார். கிரேக்கத்தில் 'ஆர்கெயான்' என்றால் வீடு. அதுவும் ஆட்சி செய்கிறவர்களின் வீடு. ஊர்ப் பத்திரங்கள் அங்கேதான் இருந்தன. பத்திரத்தைக் காக்கிற உரிமையும் அதற்குப் பொருள் சொல்கிற உரிமையும் அந்த வீட்டுக்காரர்களுக்கே இருந்தன. ஆக, ஆவணம் என்பது தொடக்கத்திலிருந்தே ஒரு முகவரியோடும் அந்த முகவரியில் குடியிருக்கும் அதிகாரத்தோடும் சேர்ந்துதான் வருகிறது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி ஒரு சட்டம் போட்டு, அரசு ஆவணங்களைப் பார்க்கக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்றது. கதவு திறந்தாச்சு. உள்ளே போய் உட்கார நேரம் யாருக்கு இருந்தது?

இன்று கலைக் காப்பகங்கள் நடத்தும் 'ரெசிடென்சி' என்கிற ஏற்பாட்டை இந்தக் கேள்வியோடு வைத்துத்தான் பேச வேண்டும். ஓர் ஆய்வாளரையோ ஓவியரையோ அழைத்து, சில வாரமோ சில மாதமோ காப்பகத்தில் உட்காரவைத்து, தங்கும் செலவு கொடுத்து, அங்கிருப்பதை வைத்து ஏதாவது எழுதவோ செய்யவோ சொல்வது. மேலோட்டமாகப் பார்த்தால் இது விருந்தோம்பல். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், வரலாறு எழுதுவதற்கான நேரத்தைப் பங்கிடுகிற முறை.

1

ஹாங்காங்கில் ஷியுங் வான் பகுதியில், ஹாலிவுட் சாலைக் கட்டடமொன்றின் மாடியில் இருக்கிறது ஏசியா ஆர்ட் ஆர்கைவ். 2000இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவரான கிளேர் சூ அதற்குமுன் லண்டனில் மாணவி. சீனாவின் சமகாலக் கலையைப் படிக்கப் போனவருக்கு நூலகத்தில் படிக்க எதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. படைப்புகள் உலகக் கண்காட்சிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றிய காகிதங்கள் எங்கேயும் சேர்ந்திருக்கவில்லை. ஆசியக் கலைஞர்களின் பெயர்கள் மேற்கின் கலைச் சந்தையில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பெயர் ஏறினால் போதுமா? அந்தப் பெயருக்கு முன்கதை எழுதுவது யார் என்பது அப்போதே எழுந்த கேள்வி.

1989 பிப்ரவரியில் பெய்ஜிங்கின் தேசியக் கலைக்கூடத்தில் 'சீனா / அவான் கார்ட்' கண்காட்சி திறந்தது. திறந்த நாளன்றே சியாவ் லு தன் படைப்பின்மீது தானே துப்பாக்கியால் சுட்டார்; அதிகாரிகள் கண்காட்சியை மூடினார்கள். நான்கு மாதத்தில் தியானன்மென். அந்தப் பத்தாண்டின் கடிதங்கள், கையேடுகள், சின்னச் சின்னக் குழுக்களின் அறிக்கைகளில் பெரும்பகுதி, அரசு நிறுவனங்களுக்கு வெளியே, கலைஞர்களும் விமர்சகர்களும் தங்கள் வீடுகளில் வைத்திருந்தவை. ஹாங்காங் காப்பகம் அவற்றைத் தேடி ஸ்கேன் செய்து, 1980இலிருந்து 1990வரையிலான சீனக் கலை ஆவணத் தொகுப்பாக 2010இல் வெளியிட்டது. அடுத்து தில்லியில் கீதா கபூர் - விவான் சுந்தரம் வீட்டுச் சேகரம், பரோடாவில் ஜோதி பட் போன்றவர்களின் சேகரங்கள். மூலக் காகிதம் உரியவரிடமே இருக்கும். படிமம் மட்டும் காப்பகத்துக்குப் போகும். அள்ளிக்கொண்டு போகிற காலனியக் காப்பகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துச் சொல்லக் கூடாது. படிமம் பொதுவுக்கு வந்துவிடுகிறது. அதன் நடுவே உட்கார்ந்து வாசிக்கச் சம்பளத்தோடு ஒரு மாதம் கிடைப்பது மட்டும் பொதுவாக இல்லை.

2

ஹா பிக் சூன் என்று ஒருத்தர். 1925இல் பிறந்தவர், ஹாங்காங்கில் வாழ்ந்தவர். சிற்பி, அச்சோவியர். கலைப் பள்ளி எதிலும் படிக்காமல் தானாகக் கற்றுக்கொண்டவர். 1960களிலிருந்து ஊரில் நடந்த கண்காட்சிகளுக்கெல்லாம் காமிராவோடு போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்காட்சிகள். படைப்புகளை மட்டுமா எடுத்தார்? திறப்பு விழாவுக்கு வந்தவர்கள், நின்றவர்கள், பேசிச் சிரித்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அழைப்பிதழ், பத்திரிகைத் துண்டு எதையும் விடவில்லை. படங்களை வெட்டிப் பழைய புத்தகங்களுக்குள் ஒட்டிப் புதுப் புத்தகங்களாக்கினார். டோ குவா வானில் இருந்த வேலைக்கூடம் முழுக்கக் காகிதம். உயிரோடிருந்தவரை இது ஒரு மனிதரின் வழக்கம், அவ்வளவுதான். 2009இல் இறந்தார். 2014இலிருந்து காப்பகம் அந்தக் காகிதங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியது; 2016இல் அவை ஃபோ டான் என்கிற தொழிற்பேட்டைப் பகுதிக்குப் போயின. அங்கே கலைஞர்களும் ஆய்வாளர்களும் வந்து அதை வைத்து வேலை செய்தார்கள். ஹாங்காங் கலைக்கு வரலாறு உண்டு என்பதற்கு இன்று அந்தப் புகைப்படங்களே பெரும் சாட்சி.

இங்கேதான் நாம் நின்று யோசிக்கணும். ஹா ஆவணம், வந்து உட்கார்ந்தவர்கள் ஆய்வாளர்கள். நாற்பது வருஷம் பார்த்து, எடுத்து, வகைபிரித்து, வெட்டி ஒட்டி அவர் செய்த வேலைக்குப் பெயர் 'சேகரம்'. அதே வேலையைச் சில மாதம் செய்கிறவருக்குப் பெயர் 'ஆய்வு'. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை ஒட்டுவது என்று ஹா எடுத்த முடிவு ஒரு வாசிப்பு இல்லையா? அவருடைய ஒட்டுப் புத்தகங்கள் கலை வரலாற்று நூல்கள் இல்லையா? மூலப்பொருள் ஒரு பக்கம், அறிவு இன்னொரு பக்கம் என்கிற பிரிவினையைக் காப்பகம் உண்டாக்கவில்லை, பல்கலைக்கழகம் உண்டாக்கியது. ரெசிடென்சி அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுதணும், திட்டம் சொல்லணும், லீவு கிடைக்கணும், விசா கிடைக்கணும். ஹா மாதிரி ஆட்கள் இந்த வடிகட்டியில் நிற்கவே மாட்டார்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களையும் நோட்டீசுகளையும் தேடி ஆய்வாளர்கள் கோட்டையூருக்குப் போனார்கள். 1992இல் இறந்தார், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது, சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் எழுந்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் பாருங்க, சேர்த்தவருக்குக் கடைசியில் கிடைத்தது பெயர்ப்பலகை.

3

ஹாங்காங் காப்பகம் தெற்காசியக் கலை எழுத்துகளுக்கு ஒரு நூல்விவரப் பட்டியல் தயாரித்தது. அதில் தமிழும் உண்டு. சந்தோஷம். 1970இல் தொடங்கிய 'கசடதபற' காலத்திலிருந்தே நம் சிற்றிதழ்களில் ஓவியர்கள் வரைந்தார்கள். ஆதிமூலம் போன்றவர்களின் கோடுகள் இல்லாமல் அந்தப் பக்கங்களை நினைத்துப் பார்க்க முடியாது. சோழமண்டலம் 1966இல் உருவானபோது பக்கத்திலேயே ஒரு மொழி அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் பட்டியலில் ஏறிய தலைப்பு வாசிக்கப்பட்ட கட்டுரை ஆகாது. கீதா கபூரின் ஆங்கிலத்தை ஹாங்காங்கிலும் லண்டனிலும் படிப்பார்கள். தமிழ்த் தலைப்புக்கு முன்னால், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தர் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. உட்காரவைத்தால்தான் அது அறிவு. இல்லையென்றால் வெறும் எண்ணிக்கை.

திறந்த கதவு திறந்தே இருக்கும் என்றும் நம்ப முடியாது. 2020 ஜூன் 30 அன்று ஹாங்காங்கில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில நாட்களிலேயே பொது நூலகங்கள் ஜனநாயகப் போராளிகள் சிலரின் புத்தகங்களை 'மறுபரிசீலனை'க்காகத் தட்டிலிருந்து எடுத்தன. தெரிதா சொன்ன வீட்டுக்காரர் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார் என்று அர்த்தம். அப்படியான ஊரில் ஒவ்வொரு படிமமும் வேறு வேறு இடங்களில் இருப்பதும், வேறு வேறு ஆட்கள் அதைப் படித்து வைத்திருப்பதும் ஆவணத்துக்குப் பாதுகாப்பு.

எனவே ரெசிடென்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அதன் திசை மாறணும். பழைய சிற்றிதழ்களைப் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் ஆளிடம், பட்டம் இருக்கிறதா என்று கேட்காமல், ஆறு மாதச் சம்பளம் கொடுத்து, அவர் வீட்டிலேயே, அவர் மொழியிலேயே, தான் சேர்த்ததைப் பற்றித் தானே எழுதச் சொல்லட்டும். காப்பகம் அங்கே போய்த் தங்கட்டும். அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் சேர்ந்து, யார் வீட்டில் எந்த இதழின் எந்தப் பிரதி இருக்கிறது, யார் வரைந்த அட்டை அது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கலாம். அதற்கு எந்த விசாவும் வேண்டாம்.