அல்காரிதம்

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மி. இந்திய எண்களால் கணக்கிடுவதைப் பற்றிய அவரது நூல் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது, அவர் பெயர் 'அல்கோரிட்மி' ஆகி, பிறகு அந்தக் கணக்கு முறைக்கே பெயராக நின்றுவிட்டது. (அல்ஜீப்ராவும் அவருடைய இன்னொரு நூலின் தலைப்பிலிருந்து வந்ததே.) ஒரு சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் வழியான அல்காரிதத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நெறிமுறை' என்று பெயர்.

எடுத்துக்காட்டாக, நிரல் பழகுபவர்களுக்கு வீட்டுப்பாடமாக வரும் மீப்பெரு பொது வகுத்தியையே பாருங்கள். 48, 18 இரண்டுக்கும் அதைக் காண, 48ஐ 18ஆல் வகுத்தால் மீதி 12. 18ஐ 12ஆல் வகுத்தால் மீதி 6. 12ஐ 6ஆல் வகுத்தால் மீதி இல்லை, விடை 6. யூக்ளிட் காட்டிய வழி இது. நிரல் எழுதும் முன் தாளில் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். மீதி பூச்சியமானதும் நிற்கச் சொல்லாவிட்டால், அடுத்த சுற்றில் பூச்சியத்தால் வகுக்கப் போய் நிரல் முறிந்துவிடும்.