கள்ளக்குறிச்சியின் மூன்று புள்ளிகள்

கள்ளக்குறிச்சி என்று எழுதினால் மூன்று புள்ளிகள் விழும்: ள், க், ச். பெயர்ப்பலகையில் அவை எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் பொட்டுகள். கைபேசிக்குள்ளோ ஒவ்வொன்றும் தனி ஆள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு அதற்குக் கொடுத்த எண் 3021.

இந்தப் புள்ளி எதற்காகப் பிறந்தது என்று தெரிய, அதே மாவட்டத்தின் ஜம்பைக்குப் போகலாம். அங்குள்ள குன்றில், சங்ககாலக் குறுநில மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி துறவியருக்குக் குகை அளித்ததைச் சொல்லும் தமிழ்-பிராமிக் கல்வெட்டு 1981இல் கண்டறியப்பட்டது. அவன் பட்டமான ‘ஸதியபுதோ’ பிராகிருத வழக்கு, உயிரோசையில் முடிகிறது. அடுத்து வரும் ‘அதியன்’ மெய்யில் முடிகிறது. சிக்கலே இதுதான். வடக்கே பிராகிருதச் சொற்கள் உயிரில் முடிவதால், தனி மெய்க்குக் குறி வேண்டியிருக்கவில்லை. தமிழுக்கு அடிக்கொன்று வேண்டும். தொடக்கத்தில் ஒரே வடிவம் ஓரிடத்தில் ‘க’, வேறிடத்தில் ‘க்’. அந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்ததுதான் புள்ளி.

தொல்காப்பியம் அதற்கு இன்னொரு வேலையும் கொடுத்தது: எ, ஒ குறில் என்று காட்டுவது. ஆனால் ஓலைக்குப் புள்ளி ஆகாது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். ‘களளககுறிசசி’ என்று எழுதிவிட்டு, படிப்பவர் பாடு என்று விட்டுவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தபின், குறில் காட்டும் வேலையும் புள்ளியின் கையைவிட்டுப் போனது.

கணினி வந்தபோது நடந்தது சுவாரசியமான நகலெடுப்பு. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே அச்சாக இஸ்கி என்ற குறியேற்றம் உருவானது. 1991இல் வெளிவந்த யூனிகோடு அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி, தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. க 2965, ங 2969. நடுவில் மூன்று காலி நாற்காலிகள். இந்தியின் மற்ற ககரங்கள் உட்காருமிடம். புள்ளியின் பெயர் ‘விராமா’ ஆனது. ஆய்த எழுத்து ‘விசர்கா’ ஆனது. ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. எனக்கு இதில் மனத்தாங்கல்தான். ஆனாலும் பெயர் மாறினால் பழைய நிரல்கள் தடுமாறும் என்ற நியாயமும் புரிகிறது.

குணத்திலும் விராமாவின் சாயல் ஒட்டிக்கொண்டது. தேவநாகரியில் விராமா இரு மெய்களைப் பிணைக்கும் குறி. தமிழ்ப் புள்ளியோ பிரித்து நிறுத்துவது. ஆனால் க, புள்ளி, ஷ என வரிசையாகத் தட்டுங்கள். புள்ளி மறைந்து ‘க்ஷ’ என்ற கூட்டெழுத்து முளைக்கும்.

இந்த எண்களைச் சேமிக்கவும் ஒரு முறை வேண்டும். 1992இல் கணினி வல்லுநர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சி உணவகத்தில் ஒரு மேசைத்தாளில் கிறுக்கிய யூடிஎஃப்-8 முறைப்படி, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நம் கண்ணுக்குக் கள்ளக்குறிச்சி எட்டு எழுத்து. யூனிகோடுக்கு 14 குறி, சேமிப்பில் 42 பைட். 70 குறி மட்டும் கொள்ளும் தமிழ்க் குறுஞ்செய்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஊர்ப்பெயரே தின்றுவிடும்.

ஜம்பைக் காலத்து எழுத்துக்கு எண் கிடைக்க இன்னும் தாமதமானது. 2010இல் பிராமி யூனிகோடுக்குள் வந்தபோதும் பழந்தமிழ்ப் புள்ளிக்கு இடமில்லை. 2021இல்தான் அது 69744ஆம் எண்ணில் அமர்ந்தது, பேரனான இன்றைய புள்ளிக்கு முப்பது ஆண்டு பிந்தி. பெயர்? அதற்கும் ‘விராமா’தான்.