முதுமையில் திடீர்ப் பார்வையிழப்பு: நோயறிதல்

இரத்தக்குழாய் நோயுள்ள முதியவருக்கு ஒரு கண் வலியின்றித் திடீரெனப் பார்வை இழந்தால், கழுத்துத் தமனியிலிருந்து வந்த துகள் விழித்திரைத் தமனியை அடைத்திருக்கலாம். இது பக்கவாதத்துக்கு இணையான அவசரநிலை. ஆனால் பழைய நோயின் மீதே பழியைப் போட்டுத் தேடலை நிறுத்தக் கூடாது. 50 வயதைக் கடந்தோருக்கு ‘ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ்’ என்னும் தமனி அழற்சியாலும் பார்வை பறிபோகும். புதிய தலைவலி, தலையைத் தொட்டால் வலி, மெல்லும்போது தாடைவலி ஆகியவை அதன் தடயங்கள். அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இரத்தச் சோதனைகளை உடனே செய்ய வேண்டும்.

இந்த அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், நோயை உறுதிசெய்யும் திசு ஆய்வு முடியட்டும் என்ற தயக்கம் நியாயமானதே. ஆயினும் அவற்றைக் கட்டுப்படுத்த வழியுண்டு; சிகிச்சை தாமதித்தால் மறுகண்ணும் சில நாட்களில் பறிபோகலாம். மருந்து தொடங்கிச் சில நாட்களான பின்னும் நெற்றிப்பொட்டுத் தமனியின் திசு அழற்சியைக் காட்டும். ஆகவே ஐயம் வலுத்தால் சிகிச்சையே முதலில்.